பிற உயிரின் துன்பத்தில் பிறந்த மருந்து: இல்லறத்தார் ஏற்கலாமா?

எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமையே அறங்களுக்கெல்லாம் தாயாகும் என்பது ஜின தருமத்தின் அடிப்படை. நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்பதும், கிழங்கு வகைகளை விலக்குவதும் இவ்வறத்தினின்று கிளைத்த ஒழுக்கங்களே. இவற்றில் நமக்கு ஐயம் இல்லை. நூல்கள் தெளிவாகக் கூறியுள்ளன. பெரியோர் நடந்து காட்டியுள்ளனர். ஆனால் நூலாசிரியர்கள் காலத்தில் இல்லாத பொருள்கள் இன்று நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டன. அவற்றைக் குறித்து நேரான விதி எந்த ஏட்டிலும் கிடையாது. அத்தகைய இடங்களில் விதியின் சொல்லைவிட விதியின் உட்பொருளையே நாம் துணையாகக் கொள்ள வேண்டியுள்ளது.

ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் காப்பி, மிளகு வணிகம் செய்துவரும் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்றில் அத்தகைய வினா எழுந்தது. அவ்வில்லத்து மூத்த அம்மையார் நெடுங்காலமாக முடக்குவாதத்தால் துன்புறுபவர். விரல் மூட்டுகள் வளைந்து, நவகார மந்திரம் உருப்போடும் மணிமாலையைக்கூடப் பற்ற இயலாத நிலை. வழக்கமான மாத்திரைகள் பயன் தராமையால், நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சேலத்திற்கு இறங்கி வந்து டோசிலிசுமாப் என்னும் மருந்தை ஏற்றிக்கொள்ளுமாறு மருத்துவர் கூறினார். அம்மருந்தின் பிறப்பில் சுண்டெலிக்குப் பங்குண்டு என்று அறிந்ததும் அம்மையார் மறுத்துவிட்டார். அவருடைய பேரனோ ஆய்வுக்கூடம் ஒன்றில் அதே வகைப் பொருள்களை நாள்தோறும் கையாளுபவர். "பாட்டி ஏற்பது பாவமெனில் நான் செய்வது என்ன?" என்பது அவர் வினா. இவ்விரு வினாக்களையும் அக்குடும்பத்தார் நம் சுவாத்தியாயக் கூட்டத்தின் முன் வைத்தனர். அங்கே கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து நாம் அடைந்த முடிவை ஈண்டு எழுதுகிறோம்.

பொருளை முதலில் அறிவோம்

அறியாத பொருளின்மேல் அறத்தீர்ப்பு வழங்குதல் நற்காட்சிக்கு ஒவ்வாது. ஆகவே அம்மருந்து யாது என்பதை முதலில் காண்போம்.

நம் உடலின் செல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. நோய்க்கிருமி புகுந்தால், அதனைக் கண்ட செல், சைட்டோகைன் எனப்படும் நுண்ணிய புரதங்களை வெளியிடும். இவை தூதுவர் போன்றவை. தூதினைப் பெறுவதற்கு மற்றச் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் உள்ளன. தூது ஏற்பியில் சென்று பொருந்தியவுடன் அச்செல் விழித்தெழுகிறது. வீக்கமும் காய்ச்சலும் தோன்றுகின்றன. இவை உடலைக் காப்பதற்கான ஏற்பாடுகளே. எனினும் சிலரிடத்தில் பகைவன் இல்லாதபோதும் இத்தூது ஓயாமல் ஒலிக்கிறது. உடலே உடலை எரிக்கிறது. முடக்குவாதம் அத்தகையது. இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப் புரதம் அந்நோயில் பெரும்பங்கு வகிக்கிறது. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் கிஷிமோட்டோ, ஹிரானோ ஆகியோர் 1986-ல் அதன் மரபணுவைப் பிரித்தறிந்தனர். அதன் ஏற்பி 1988-ல் அறியப்பட்டது.

ஏற்பியைக் கண்டறியவும் அடைக்கவும் பயன்படும் கருவியே எதிர்ப்பொருள். குறிப்பிட்ட ஒரு வடிவத்தை மட்டும் இறுகப் பற்றும் புரதம் இது. ஒளிரும் சாயம் ஒன்றை இதனோடு இணைத்துச் செல்களின்மேல் இட்டால், எந்தச் செல்லில் எத்தனை ஏற்பிகள் உள்ளன என்பதைக் கருவி எண்ணிச் சொல்லும். தூது வந்து அமரும் இடத்தையே எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டால் தூது அமர வழியில்லை, ஏற்பி அடைபடுகிறது. ஏற்பியின் வேறோர் இடத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் கண்டறிய உதவுமேயன்றி அடைக்க உதவாமல் போகலாம். ஆகவே எது காட்டும், எது தடுக்கும் என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தே அறிய வேண்டும்.

இந்த எதிர்ப்பொருள்களை நெடுங்காலம் விலங்கின் உடலே உண்டாக்கித் தந்தது. முயலுக்கோ ஆட்டுக்கோ மனிதப் புரதத்தை ஊசிவழி செலுத்தி, பின் அதன் குருதியை எடுத்துப் பிரிப்பது ஒரு முறை. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவரும் வேறு முறை கண்டனர். ஊசியிட்ட சுண்டெலியின் மண்ணீரல் செல்லை, இறவாது பெருகும் புற்றுச்செல்லோடு இணைத்தனர். ஹைபிரிடோமா எனப்படும் அக்கலப்புச் செல் ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது சுரந்தது. இதற்காக 1984-ல் நோபல் பரிசும் பெற்றனர். ஆனால் அச்செல்லைப் பெருக்குவதற்குப் பல ஆய்வுக்கூடங்கள் மீண்டும் சுண்டெலியின் வயிற்றையே நாடின. வயிற்றினுள் செல்லைச் செலுத்தினால் ஓரிரு வாரங்களில் வயிறு நீர்கோத்து வீங்கும். அந்நீரை ஊசியால் உறிஞ்சி எடுப்பர். ஓர் எலியினின்று கிடைப்பது சில மில்லிலிட்டர் நீரே. அந்த எலி படும் துன்பம் பெரிது, முடிவு சாவு.

நம் நூல்களின்படி சுண்டெலி ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். புல் பூண்டுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்க்கும் அஞ்சி நடக்கும் நாம் இதனைச் சிறிதென்று ஒதுக்க இயலாது.

மறுப்போர் கூறும் வாதம்

கூட்டத்தில் சிலர், அம்மையார் மறுத்ததே சரியென்றனர். அவர்கள் வாதம் வலிமையுடையது. கொலை செய்தவன் மட்டும் குற்றவாளி அல்லன். செய்வித்தவனும், செய்ததற்கு உடன்பட்டு மகிழ்ந்தவனும் வினையைக் கட்டிக்கொள்கின்றனர். கிருதம், காரிதம், அனுமோதனை என்னும் மூன்றும் நம் இளஞ்சிறார்க்கும் தெரிந்தவை. பிறர் கொன்றதை வாங்கி உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்தர் கூற்றை நீலகேசி நூலார் மறுத்ததும் இதனாலன்றோ? உண்பாரும் வாங்குவாரும் இல்லையாயின் கொன்று விற்பாரும் இல்லை என்பதே புலால் மறுத்தல் அதிகாரத்தின் நியாயமும் ஆகும். ஊனை விலைக்கு வாங்குவோனுக்குப் பொருந்தும் நியாயம் மருந்தை விலைக்கு வாங்குவோனுக்கு ஏன் பொருந்தாது?

மேலும், மருந்து என்ற பெயர் கொலையைத் தூய்மையாக்காது என்பதும் நம் மரபே. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் என்னும் சமண முனிவர் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை இயற்றினார். ஊனும் கள்ளும் தேனும் இன்றியே நோய் தீர்க்க இயலும் என்பது அவர் கொள்கை. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனுடைய அவையில் மருத்துவர்கள் முன்னிலையில் ஊன் மருந்தினை அவர் மறுத்துரைத்தார். அத்தகைய முன்னோர் வழிவந்த நாம் எலியின் வழியே வந்த மருந்தை ஏற்கலாமா என்பது அவர்கள் வினா.

கழிந்த கொலையும் தொடரும் கொலையும்

இவ்வாதத்தை நாம் மதிக்கிறோம். எனினும் இதில் ஒரு வேறுபாடு விடுபட்டுப்போயிற்று. ஊன் வாங்குவோன் இன்று ஓர் ஆட்டின் ஊனை வாங்கினால் நாளை மற்றோர் ஆடு வெட்டப்படும். வாங்குதலும் கொல்லுதலும் ஒரு சங்கிலியின் இரு கண்ணிகள். நீலகேசியின் நியாயம் அந்தச் சங்கிலியைப் பற்றியது. டோசிலிசுமாப் மருந்தில் அச்சங்கிலி உள்ளதா என்று பார்ப்போம்.

அம்மருந்தின் மூலம் சுண்டெலியில் தோன்றிய ஓர் எதிர்ப்பொருளே. ஆனால் எலியின் புரதத்தை மனித உடல் ஏற்காது. ஆதலால், ஏற்பியைப் பற்றும் நுனிப் பகுதியின் அமைப்பை மட்டும் எடுத்து, மனித எதிர்ப்பொருளின் சட்டகத்தில் பொருத்தினர். அந்த அமைப்பு எழுத்தாகப் பதிவானபின் மூல எலிக்கு வேலை இல்லை. இன்று அம்மருந்து ஆலைகளில் பெருங்கலங்களில், ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்துச் சிற்றுயிரின் சூற்பைச் செல்களில் உருவாகிறது. அச்செல்வழி 1957-ல் அமெரிக்காவில் தியோடர் பக் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஹாம்ஸ்டரிடமிருந்து பெறப்பட்டது. அன்று எடுத்த செல்லின் சந்ததியே இன்றளவும் உலகெங்கும் பெருகி வருகிறது. அம்மையார் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டாலும் அதன் பொருட்டுப் புதிதாக ஓர் எலியோ ஹாம்ஸ்டரோ பிடிக்கப்படுவதில்லை. இது கழிந்த கொலையின் பயன்.

முயலின் குருதியினின்று எடுக்கும் ஆய்வு எதிர்ப்பொருளோ அவ்வாறன்று. குப்பி காலியானால் மற்றொரு முயல் வேண்டும். எலியின் வயிற்றுநீரில் வளர்ப்பதும் அத்தகையதே. இது தொடரும் கொலை. ஊன் வாங்குவோனைப் பற்றிய நியாயம் இங்கே முழுமையாகப் பொருந்தும்.

மருந்தின் வரலாற்றில் வேறு துன்பங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மனிதருக்குத் தருமுன் குரங்குகளிடத்தும் இம்மருந்து சோதிக்கப்பட்டது. ஆய்வுக்கூடங்களில் செல் வளர்க்கும் ஊட்டநீரில் பசுவின் கருவிலுள்ள கன்றின் குருதிநீர் இன்றும் பல இடங்களில் சேர்க்கப்படுகிறது. எதிர்ப்பொருளே வேண்டாம், ஏற்பியின் செய்தியைச் செல்லின் உட்புறத்தே தடுக்கும் வேதியியல் மாத்திரை போதும் என்று ஒருவர் கூறினார். அத்தகைய மாத்திரையும் விலங்குகளிடத்தே சோதிக்கப்பட்டே வந்தது. தற்கால மருந்துகளுள் இத்தொடர்பு அற்றது அரிது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் களை எடுக்கும் தொழிலாளியை விரியன் தீண்டினால் அவருக்கு ஏற்றும் நச்சுமுறி மருந்து, குதிரையின் குருதியில் உண்டான எதிர்ப்பொருளே. அவ்வேளையில் மருந்தைத் தடுத்து நிறுத்துமாறு நம்முள் எவரும் கூறார். கூறுவது அறமும் அன்று.

எண்ணமும் விழிப்பும்

அப்படியாயின் கழிந்த கொலையின் பயனை மனக்கூச்சமின்றி ஏற்கலாமா? கூடாது. அனுமோதனை என்பது மனத்தின் செயல். நம் யசோதர காவியம் இதனை மறக்கவியலாதபடி கூறுகிறது. அரசன் யசோதரன் தாயின் சொல்லுக்கு இணங்கி உயிருள்ள கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். உண்மையில் ஓர் உயிரும் சாகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். இறந்த உடலின் கணக்கைவிட உள்ளத்தின் கணக்கே வினையைக் கட்டுகிறது.

ஆனால் "எண்ணம் இல்லை, ஆகவே குற்றம் இல்லை" என்று இதனைத் திருப்பிக்கொள்ளவும் கூடாது. அசட்டையால் நேரும் உயிர்க்கேடும் இம்சையே என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. எண்ணம் தூயதாக இருந்தாலும் விழிப்பு இல்லாவிடில் வினை சேரும். ஆகவே இல்லறத்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: இத்துன்பத்திற்கு என் மனம் உடன்படுகிறதா? இதனைக் குறைக்கும் வழி இருந்தும் நான் பாராமுகமாக உள்ளேனா?

அம்மையாரைப் பொறுத்தவரை இரண்டிற்கும் விடை தெளிவு. அவர் எலியின் துன்பத்திற்கு உடன்படவில்லை. அதனை எண்ணியே கலங்கினார். வேறு மாத்திரைகளை முதலில் உண்டு பார்த்தார், பயனில்லை. இனி அவர் மருந்தை ஏற்பதால் புதுக்கொலை விளைவதில்லை. ஏற்காமையால் எந்த எலியும் பிழைப்பதில்லை. மூட்டுகள் அழிந்து, வழிபாடும் விரதமும் செய்ய இயலாது பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதே விளைவாகும். இம்மறுப்பைச் சல்லேகனையோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தாரும் உண்டு. அது பொருந்தாது. தீர்வில்லா நோய், தளர்ந்த முதுமை, பஞ்சம், தவிர்க்கவியலா இடர் ஆகியவை நேர்ந்தபோதே அவ்விரதம் விதிக்கப்பட்டது. தணிக்கக்கூடிய நோயில் உடலை வீணே வாட்டுதல் அதில் அடங்காது. மகாவிரதியர் நெறி வேறு. அணுவிரதியர் நெறி வேறு. இல்லறத்தார் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்க வேண்டும். வாழ்வின் தேவையால் நேரும் ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்து, நேர்ந்ததற்கு ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் செய்ய வேண்டும். ஆகவே அவர் மருந்தை ஏற்கலாம் என்பதே நம் முடிவு. ஏற்கும் நாளில் அவ்வுயிர்களை நினைந்து மன்னிப்பு வேண்டுவதும், அபயதானத்திற்கு இயன்றதை ஒதுக்குவதும் அந்நோன்பின் பகுதியாகட்டும். இதனை ஏற்க அவர் மனம் பின்னும் இசையாவிடில் வற்புறுத்துதலும் முறையன்று. இம்மருந்து நோய்த்தொற்றின் அறிகுறிகளை மறைக்கவல்லது ஆதலால், ஏற்போர் மருத்துவர் கண்காணிப்பை விடாது மேற்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இம்மருந்தின் பயனையும் நாம் அண்மையில் கண்டோம். கோவிட் நோயால் நுரையீரல் அழற்சியுற்றவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. 4,116 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டிருந்தனர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 28 நாட்களுக்குள் 35 விழுக்காட்டினர் இறந்தனர். இம்மருந்தும் பெற்றோரில் 31 விழுக்காட்டினர் இறந்தனர். நூற்றுக்கு நான்கு உயிர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்நால்வரின் இல்லத்தார்க்கு அது சிறிதன்று. அவ்வாண்டின் இரண்டாம் அலையில் இம்மருந்துக்காக நம் நாட்டுக் குடும்பங்கள் அலைந்ததை எவரும் மறந்திரார்.

பேரனின் பொறுப்பு பெரிது

பாட்டியின் வினாவைவிடப் பேரனின் வினா கடினமானது. நோயாளி ஏற்பது முடிந்துபோன செயலின் பயன். ஆய்வாளர் அனுப்பும் ஒவ்வொரு கொள்முதல் கடிதமும் இனி நடக்கப்போகும் செயலுக்குக் காரணம். காரிதம் என்னும் சொல் அவருக்கே பொருந்தும். ஆயினும் அவர் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று நாம் கூறமாட்டோம். அவ்விடத்தில் அகிம்சை அறிந்த ஒருவர் இல்லாமற் போவதால் எலிகளுக்கு என்ன நன்மை?

அவர் செய்யத்தக்கவை பல. விலங்கே இன்றி எதிர்ப்பொருளைப் பெறும் வழி இன்று உண்டு. நுண்ணுயிர்களைத் தாக்கும் வைரஸின் மேற்பரப்பில் கோடிக்கணக்கான எதிர்ப்பொருள் வடிவங்களைத் தோன்றச் செய்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் அம்முறைக்காக ஜார்ஜ் ஸ்மித்தும் கிரெகரி வின்டரும் 2018-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். விலங்கிலிருந்து பெறாத எதிர்ப்பொருள்களையே கொள்ளுமாறு ஐரோப்பிய ஒன்றியத்தின் மாற்றுமுறை ஆய்வகம் 2020-ல் பரிந்துரைத்தது. அமெரிக்க உணவு மருந்துத் துறையும், மோனோகுளோனல் எதிர்ப்பொருள் மருந்துகளுக்கான விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை 2025-ல் அறிவித்தது. வாங்குவோர் கேட்டால் விற்போர் தருவர். ஆகவே "இஃது எவ்வாறு செய்யப்பட்டது?" என்று கேட்பதே அவருடைய முதல் விரதம்.

இரண்டாவது விரதம் வீணாக்காமை. பயனற்ற இம்சையை அனர்த்த தண்டம் என்று நம் நூல்கள் கூறும்; அதனை விலக்குதல் குணவிரதங்களுள் ஒன்று. ஆய்வு எதிர்ப்பொருள்களில் அனர்த்த தண்டம் மிகுதி. குறித்த ஏற்பியை விட்டு வேறொன்றைப் பற்றுபவை பல; எதனையும் பற்றாதவையும் உண்டு. தரமற்ற எதிர்ப்பொருள்களால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80 கோடி டாலர் வீணாவதாக 2015-ல் நேச்சர் இதழில் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர் சேர்ந்து எழுதினர். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குப்பிகளுக்காகத் துன்புற்ற முயல்களும் ஆடுகளும் எதற்காகத் துன்புற்றன? எவர்க்கும் பயனின்றியே. அமைப்பு எழுத்தாகப் பதிவான எதிர்ப்பொருளை வாங்குவதும், முன்கூட்டியே சோதித்தறிவதும், பிற ஆய்வுக்கூடங்களோடு பகிர்வதும் அறிவியலுக்கும் நன்று; அறத்திற்கும் நன்று.

இவ்விரண்டும் ஒரே திசையில் செல்லக்கூடும் என்பதற்கு நம் மலைநாட்டிலேயே சான்று உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி முன்னாளில் ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. அதனால் நோயாளிகள் சிலருக்கு நரம்புக்கேடு நேர்ந்தது. 2004-ல் நம் நாடு அம்முறையைக் கைவிட்டுச் செல்வளர்ப்புத் தடுப்பூசிக்கு மாறியது. மாறியதற்குக் காரணம் மனிதரின் நலமே. ஆடுகளின்மேல் கொண்ட இரக்கமன்று. ஆயினும் ஆடுகள் பிழைத்தன. அதே நோய்க்குக் குதிரைக் குருதியின் எதிர்ப்பொருளுக்கு மாற்றாகச் செல்லில் வளர்த்த மோனோகுளோனல் எதிர்ப்பொருளும் 2016-ல் இந்தியாவில் உரிமம் பெற்றது. இரக்கமும் பயனும் கைகோக்கும் இடங்களைத் தேடிக் கண்டு அங்கே உழைப்பது நம்மவர் கடன்.

சமூகத்தின் கடன்

இது அக்குடும்பத்தோடு முடியும் செய்தியன்று. விலங்குகளைச் சோதனைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருத்தல் வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டு விதிகளால் ஏற்பட்டது. அக்குழுவில் அறிவியலார் அல்லாத, சமூக உணர்வுடைய ஒருவருக்கும் இடம் உண்டு. விலங்கு நலத்தில் பற்றும் ஓரளவு கல்வியும் உடைய நம் இளைஞர்களும் பெண்டிரும் அப்பொறுப்புக்கு முன்வரலாமன்றோ? வேள்வியில் உயிர்க்கொலையை எதிர்த்து வாதிட்டவர் நம் முன்னோர். அவர்கள் வாதிட்ட அவை அரசவை. நமக்குக் கிடைத்துள்ள அவை இது.

ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்று தானம் நான்கு. நோயாளிக்கு மருந்தளிப்பது ஔஷத தானம். எலிக்கும் முயலுக்கும் அச்சம் நீக்குவது அபயதானம். ஒன்றைச் செய்ய மற்றொன்றை அழிக்க வேண்டியிருப்பது நம் காலத்தின் இடர். அதனை மாறாத விதியென்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மருந்தை ஏற்கும் கை, அம்மருந்து வந்த வழியைத் திருத்தவும் நீளட்டும். இரு தானங்களும் ஒன்றையொன்று பகையாத நாளை விரைவில் காண உழைப்போமாக.

வாழ்க எவ்வுயிரும். வளர்க ஜின தருமம்.